ஓரத்துக் கதிர்

நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புடவையை முழுசாகப் பிரிக்க மாட்டோம். ஓரத்தை விரலில் தேய்த்துப் பார்த்தே மொத்தப் புடவையும் எப்படி என்று சொல்லிவிடுவோம். அதே விரலோடுதான் வடமாலபேட்டையில், மாமனார் கொடுத்த நிலத்தில், மக்காச்சோளம் போட்டேன்.

மாடுகளுக்காகத்தான். சோளத்தைப் பச்சையாக அறுத்து, நறுக்கி, குழியில் காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால் கோடைக்குத் தீனி. போன கோடையில் தீனி இல்லாமல் செவலைப் பசுவை விற்றோம். வண்டியில் ஏறியபோது அது என் மனைவி தாட்சாயணியைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்க ரொம்ப நாள் பிடித்தது.

"இந்த வருஷமும் ஒண்ணு போச்சின்னா, அதே வண்டியில நானும் ஏறிக்கினு போறேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

விதைக்கடையில் சீக்கிரம் விளைகிற ரகமும் இருந்தது. நான் பாக்கெட்டில் பெரிய கதிர் படம் போட்டிருந்ததை எடுத்தேன். அது தாமதமாக விளையும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்களாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் குழியை மூடிவிட்டார்கள். என் வயல் மட்டும் பச்சையாக நின்றது. போதாக்குறைக்கு டிவியில் கடல் மேல் புயல் சின்னம் சுழன்றுகொண்டிருந்தது.

தினமும் விடிந்ததும் வரப்பில் நின்று ஒரு கதிரை உடைப்பேன். மணியின் மேல்பாதி கெட்டியாகி, கீழ்ப்பாதியில் பால் இருந்தால் அறுக்கலாம். எனக்கோ நகம் பட்டதும் பால் சட்டையில் தெறிக்கும். பாலாக அறுத்தால் குழியில் நீர்விட்டு அழுகிப்போகும். மழைக்கு விட்டால் பயிர் சாயும், சேற்றில் மிஷின் இறங்காது. இரண்டையும் நினைத்து நினைத்து சோறு இறங்கவில்லை. அதாவது, வழக்கமான அளவுக்கு இறங்கவில்லை.

அறுக்கும் மிஷினோடு கிரண்குமார் வந்து நின்றான், தாட்சாயணியை அக்கா என்று கூப்பிடும் ஊர்ப் பையன்.

"அண்ணா, இன்னிக்கி உட்டா நான் சந்திரகிரி போயிடுவேன். வர்ஷம் வஸ்துந்தி, மழ வருது."

"இன்னும் பாலாவே கீதுப்பா. ரெண்டு நாள் போவட்டும்."

"மேகத்த கேட்டுட்டியா அண்ணா? சரின்னு சொல்லிச்சா?" சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

மிஷின் சத்தம் ரோட்டில் தேய்ந்ததும் கறவை மாட்டை முளையில் கட்டினேன். என் முடிச்சு நூலுக்குத்தான் நிற்கும், மாட்டுக்கு நிற்காது. உருவிக்கொண்டு நேராகச் சோளத்துக்குள் ஓடியது.

"ஐயையோ, இன்னாய்யா கட்ன நீ!" என்று தாட்சாயணி அதன் பின்னால் ஓட, அவள் பின்னால் நான். தோகைகள் முகத்தைக் கீறின. நடுவயலில் மாடு நின்று மென்றுகொண்டிருந்தது. கறக், கறக். பால் கதிருக்கு அப்படிச் சத்தம் வராதே!

ஒன்றை ஒடித்தேன். மேல்பாதி கெட்டி, கீழே மட்டும் பால். பக்கத்துச் செடியிலும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"தினம் இன்னாத்த பாத்துக்கினு இருந்த?"

"ஓரத்த."

"ஓரத்துல வாய்க்கா ஒழுவிக்கினே கீது. அது எப்படிய்யா முத்தும்? பொடவன்னு நெனச்சிக்கினியா?"

கிழக்கே வானம் கறுத்து வந்தது. கிரணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தபோது பைபாஸில் இருந்தான்.

"திரும்பி வாப்பா. சோளம் போனா மாடு போவும், மாடு போனா உங்க அக்காவும் போயிடுவா!"

"அக்காகோசம் வஸ்தானு. நீகோசம் காது" என்றான். அக்காவுக்காக வருகிறானாம், எனக்காக இல்லையாம்.

வந்தான். காற்று மிஷினை முந்திக்கொண்டு வந்தது. அவன் மிஷினில் அறுத்து நறுக்க, நான் குழியில் டிராக்டர் ஏற்றி அமுக்க, அவள் வானத்தையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டினாள். கடைசியில் வாய்க்கால் ஓரம் மட்டும் நின்றது. அந்த ஈரத்தில் சக்கரம் இறங்கவில்லை. தார்ப்பாயை இழுத்து, மேலே மண்மூட்டை அடுக்கியபோது முதல் தூறல் விழுந்தது.

ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் நின்றதும் குழிக்குப் போனேன். உள்ளே தண்ணீர் இறங்கியிருக்குமோ? தார்ப்பாயின் ஒரு மூலையைத் துளி தூக்கிப் பார்த்தால் போதும். குனிந்தேன்.

"கைய எடு!" தொழுவத்திலிருந்து வந்தது குரல். மாட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், இந்த முறை அவள் முடிச்சு. "காத்து பூந்தா எல்லாமே பூடும். ஓரத்த பாத்தது போதும். வா, வந்து துன்னு."

போனேன். தட்டில் இட்லி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மூட்டைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் தின்றேன்.