எரியாத மருந்து

டெய்லரின் வலது பாதத்தில் கால் ஆணி வந்ததற்கு அவரைவிட அதிகம் கவலைப்பட்டது அவர் மனைவிதான். அவருக்கென்ன, "இது காலு இல்ல, மோட்டாரு" என்று பீற்றிக்கொண்டு நாள் முழுக்க மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பவளுக்குத்தான் மிதிக்கிற பாதத்தில் அது தடித்துக்கொண்டே வருவது கண்ணில் பட்டது. அந்தக் கால் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

மருந்துக்கடையில் போய், "கால் ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்டர் குடுங்கண்ணே" என்றாள். யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று இவளும் சொல்லவில்லை. உறையில் எறும்பு ஊர்ந்தது போல என்னவோ எழுதியிருந்தது. அதை யார் படிக்கிறார்கள்.

அவள் பிறந்த வீட்டில் மருந்தென்றால் எரிய வேண்டும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அப்பா டிங்சரை ஊற்றிவிட்டு, "எரியுதா? அப்ப மருந்து கேக்குது" என்பார். அவள் அதையே பிடித்துக்கொண்டு வளர்ந்தவள்.

"எரியுதாங்க?"

"இல்லியே."

"கொஞ்சங்கூடவா?"

"நீ ஒட்டுனதே தெரியல. உன் கை அவ்வளவு மெத்துனு இருக்கு."

போங்க என்று சொன்னாலும் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனால் எரியவில்லையே, மருந்து கேட்கவில்லையே. பழையதன்மேலேயே புதுசை ஒட்டி, துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். தினமும் கேட்டாள். தினமும் இல்லை என்றார். அவர் பாதம் மரத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒருமுறை செருப்பு கழன்றதே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா அது?

தையல் கடையில் நாற்றம் வந்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று துணி மூட்டைகளையெல்லாம் புரட்டிப் போட்டுத் தேடினாள். மூட்டைகளில் ஒன்றும் இல்லை. மெஷினுக்கு அடியில் குனிந்தபோதுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. கட்டை அவிழ்த்தாள். பிளாஸ்டரோடு தோலும் வெள்ளையாக ஊறிப்போய் உரிந்து வந்தது, அதன் அடியில் சதை கறுத்திருந்தது. "என்னாச்சு, ஏன் பேச மாட்டேங்கற?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"அதுல இருக்கறது அமிலம்மா," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "ஆணியைக் கரைக்க வச்சது, சதையையும் பொசுக்கிருச்சு. சர்க்கரை உள்ளவங்க அதைத் தொடவே கூடாது. அவருக்கு எரியலையா?"

"எரியலைன்னுதான் டாக்டர் மறுபடி மறுபடி ஒட்டுனேன்."

டாக்டர் குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

சீழ் மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். "விடு, என் காலு, நான்ல பாத்திருக்கணும்" என்றார் அவர். அந்தச் சமாதானம் அவளை இன்னும் கொன்றது. என் கையாலேயே கெடுத்தேனே என்று ஆஸ்பத்திரி குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் கஞ்சியோடு வார்டுக்குள் நுழைந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"என்னங்க?"

"காலு எரியுது."

அவள் இடது காலைத் தொட்டாள்.

"அது இல்ல. ஆணி இருந்த காலு. அந்த எடம்தான். தீய வச்ச மாதிரி எரியுது."

சிலருக்கு அப்படித்தான் இருக்கும், எடுத்த கால் வலிக்கும் என்று நர்ஸ் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எந்த வார்த்தைக்காக அவள் தினமும் அந்தப் பாதத்தடியில் காத்திருந்தாளோ, அது இப்போதுதான் வந்தது.

"கொஞ்சம் தேய்ச்சு விடேன்," என்றார்.

கட்டு முடிகிற இடத்துக்கு அப்பால் போர்வை தட்டையாகக் கிடந்தது. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அங்கே கையை வைத்தாள்.

"இங்கயாங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ."