பதினொன்றாம் தடம்

எனக்குப் பெரியப்பாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; நான் ஏதோ நடுநிலையாகக் கதை சொல்கிறேன் என்று யாரும் ஏமாந்துபோக வேண்டாம். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். ஐம்பது வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. நான் அவரை நேரில் பார்த்ததே நாலு தடவைதான். மூன்று கல்யாணம், ஒரு சாவு. நாலு தடவையும் அப்பா நின்ற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் தடவை அவர் என் ஸ்டூடியோவுக்கே வந்தார்.

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு ஏற்றுவது என் தொழில். இரண்டு அங்குல நாடா, அதில் பதினாறு தடம், ஒவ்வொரு தடத்திலும் ஒரு மைக்கின் ஒலி. அந்த மாதிரி நாடாவை ஓட்டும் இயந்திரம் இந்த ஊரில் என்னிடம் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. பெரியப்பாவின் குழு போட்ட முதல் ஆல்பத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் மூன்றையும் முன்வரிசையில் நிறுத்திய ராக் ஆல்பம் அது. அதைக் கேட்டு ஜன்னலைச் சாத்தியவர்களும் உண்டு, பார்த்த வேலையை விட்டுவிட்டு டிரம்பெட் வாங்கியவர்களும் உண்டு. அதைத்தான் ஆடியோ கம்பெனி மறுபடி வெளியிடுகிறது.

கடைசிப் பாட்டில் ஓர் இடம் வரும். மொத்தக் குழுவும் ஒரே வெட்டில் நின்றுவிடும். தாளக் கணக்கில் நாலு சுற்று மௌனம். அது முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். ஆனால் பதிவில் மூன்று சுற்று முடிந்தவுடனே ஒரு டிராம்போன் தன்னந்தனியாகக் கிளம்பும். ஒரு முழுச் சுற்றுக்கு அதற்குத் துணையே இல்லை. அப்புறம்தான் மற்றவர்கள் வந்து சேர்வார்கள். அந்த டிராம்போன் என் அப்பா. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

பதிவு நடந்த அன்று அதுதான் கடைசி நாடா, வேறு எடுக்க வழியில்லை. அப்படியே வெளியிட்டார்கள். ஜனங்கள் அந்த ஒற்றைச் சுற்றுக்குப் பைத்தியமானார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள். எந்தப் பேட்டியிலும், "எங்க தம்பி ஒரு அவசரக்குடுக்கை" என்று சொல்லாமல் அவர் எழுந்ததில்லை. ஆல்பம் வந்த அடுத்த வாரம் குழு ஊர் ஊராகக் கிளம்பியபோது வேனில் அப்பாவுக்கு இடமில்லை. அப்பா அதன்பின் டிராம்போனைத் தொடவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நான் கேட்டால், "ஆமாம்மா, முந்திட்டேன்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அந்த டிராம்போனை ஒரு சுற்று தள்ளி வைத்துச் சரிசெய்ய வேண்டுமாம். பெரியப்பாவின் உத்தரவு. அட்டையில் ஒட்ட, 'பிழை திருத்திய பொன்விழாப் பதிப்பு' என்று ஸ்டிக்கர்கூட அடித்தாகிவிட்டது. தம்பியின் தவறை அண்ணன் எப்படிச் சரிசெய்தார் என்று உள்ளே கையேட்டில் ஒரு பக்கம். அப்பா தன் வாழ்நாளில் பதிவுசெய்த ஒரே வாசிப்பு அது. அதைத் துடைத்துவிட்டு, பெயரோடு பிழை என்று அச்சடிக்கப் போகிறார்கள். துடைக்க வேண்டிய கை என்னுடையது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யாராவது செய்வார்கள், நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஒலிக்கோப்புகள் இசைத்தட்டு அச்சுக்குப் போயாக வேண்டும். பெரியப்பா இரண்டு மணிக்கு வந்தார். எழுபத்தாறு வயது, இன்னும் நிமிர்ந்த நடை. கூடவே கம்பெனி மேடம், இரண்டு கையிலும் போன்.

"நீதான் பண்றேன்னு தெரிஞ்சுதான் சரின்னேன். உனக்குக் கை சுத்தம்னு சொன்னாங்க."

"உக்காருங்க பெரியப்பா."

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உறவுமுறை அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாடாவின் நிலைமை மோசம். இத்தனை வருட ஈரத்தில் அதன் பசை இளகி, ஓட்டினால் பூச்சு உரிந்து வரும். எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து உலர்த்தியிருந்தேன். அதற்கப்புறமும் ஒரு தடவைக்கு மேல் ஓட்ட முடியும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. விரலை நிறுத்தும் பொத்தானின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட விட்டேன். கடைசிப் பாட்டு, ஆறு நிமிடம் நாற்பது வினாடி. யாரும் இருமக்கூட இல்லை. ஓடி முடித்தபோது இயந்திரத்தின் தலைப்பகுதியில் பழுப்புத் தூள் படிந்திருந்தது. ஆனால் பதினாறு தடமும் கணினிக்குள் முழுசாக வந்திருந்தன.

"சரி, அவன் ஊதினதைத் தூக்கித் தள்ளி வை" என்றார் பெரியப்பா.

"அவ்வளவு சுலபமில்ல. எல்லாரும் ஒரே ரூம்ல நின்னு வாசிச்சிருக்கீங்க. டிராம்போன் சத்தம் மத்த மைக்குலயும் விழுந்திருக்கும். ஒவ்வொரு தடமா திறந்து துடைக்கணும்."

"துடை. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

டிரம்ஸைத் திறந்தேன், துடைத்தேன். டிரம்பெட், சாக்ஸபோன், துடைத்தேன். அப்பாவின் சுற்று தடம் தடமாக மெலிந்துகொண்டே வந்தது. பத்து முடிந்து பதினொன்றுக்கு வந்தேன். நாடாப் பெட்டிக்குள் அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர் கையால் எழுதிய தாள் ஒன்று உண்டு. எந்தத் தடத்தில் என்ன இருக்கிறது என்று அதில் இருக்கும். பதினொன்றுக்கு நேராக, 'எண்ணிக்கை. தம்பி ஹெட்போனுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"இது என்ன பெரியப்பா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஓ, அதுவா? மத்தவங்க எல்லாம் பழம் தின்னு கொட்டை போட்டவங்க, மௌனத்தை மனசுக்குள்ளயே எண்ணிப்பாங்க. இவன் மட்டும் அண்ணன் எண்ணினாத்தான் வருவேன்னு அடம். நடுவுல தடுப்பு இருந்துச்சு, என் கையும் தெரியாது. அதனால நான் ஒரு மைக்குல மெதுவா எண்ணுவேன், அவன் காதுக்கு மட்டும் போகும். பாட்டுல அதைச் சேர்க்கல. ஸ்பூன்ல ஊட்டற மாதிரி எண்ணிச் சொன்னேன், அப்பவும் முந்திட்டான்!"

பதினொன்றை மட்டும் தனியாகத் திறந்தேன்.

குழு வாசித்து நின்ற எதிரொலி. அப்புறம் மிக அருகில், இருபத்தாறு வயதுப் பெரியப்பாவின் குரல். ஒண்ணு. ஒரு சுற்று போனது. ரெண்டு. இன்னொரு சுற்று போனது. நாலு.

அந்தச் சுற்று முடிந்ததும் தூரத்தில் அப்பா ஊதத் தொடங்கினார்.

மறுபடி போட்டேன். ஒண்ணு. ரெண்டு. நாலு. மூன்றே இல்லை. மேடம் ஒரு போனை மேஜைமேல் வைத்தாள். பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"அது வேற டேக்" என்றார்.

"இதே டேக்தான். இப்பத்தானே உங்க கண்ணு முன்னாடி ஓடுச்சு."

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். அவர் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தார். இரண்டாவது விரலுக்கப்புறம் கை அப்படியே நின்றது. அவருக்கு இது தெரியாது என்பது அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ஐம்பது வருடமாக அவர் சொல்லிவந்தது பொய்யில்லை. மனதார நம்பியிருக்கிறார். அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது.

"அழிச்சிடு" என்றார்.

"எதை?"

"பதினொண்ணை. அப்புறம் நான் சொன்னபடி டிராம்போனைத் தள்ளி வை. இது என் ஆல்பம். நான் சொன்னா சொன்னதுதான்."

"சார், மணி மூணே முக்கால்" என்றாள் மேடம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நாடா இனிமே ஓடாது பெரியப்பா. உங்க எண்ணிக்கை இப்ப இந்த கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. அழிச்சா அழிஞ்சதுதான்."

"அதனாலதான் சொல்றேன்."

"அழிக்கிறேன். ஆனா அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் விரல் நகராது."

"அவனை எதுக்கு இழுக்கற?"

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. தப்புதான். அந்த நேரத்தில் எனக்குத் தப்பு சரி எதுவும் தெரியவில்லை.

"சொல்லும்மா" என்றார் அப்பா. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, பதினொண்ணாம் தடத்தைக் கேட்டேன்."

டிவி நின்றது.

"அது எப்பவோ அழிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"என் காதுலதானேம்மா எண்ணினாரு? மூணு வரலன்னு எனக்கும் தெரிஞ்சுது. அண்ணன் நாலுன்னு சொன்னா நாலுதான். ஊதிட்டேன்."

"ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "ஏன் வாயத் திறக்கல?"

"அடுத்த வாரம் ஊர் ஊரா போகணும். எட்டு பேரு அவர் கையைப் பாத்துத்தான் மேடையில நிக்கணும். தலைவனுக்கு எண்ண வரலன்னு வெளிய வந்துட்டா, அப்புறம் அவர் கை தூக்கினா எவன் மதிப்பான்? சரி, கத்தட்டும், ஒரு வாரம் கத்துவாரு, அப்புறம் அண்ணனே கூப்பிடுவாருன்னு இருந்தேன்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "ஒரு வாரம்னுதாம்மா நெனச்சேன்."

பெரியப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ அதை அழிச்சிடும்மா" என்றார் அப்பா. "இந்த வயசுல அவர் நாலு பேரு முன்னாடி தலை குனிய வேணாம்."

"டேய்" என்றார் பெரியப்பா.

மறுமுனையில், "அண்ணே?" என்று கேட்டது.

பெரியப்பா போனை ஒரு தடவை பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "நீ துடைச்சதை எல்லாம் திரும்பப் போடு. டிராம்போன் அங்கயே இருக்கட்டும். பதினொண்ணை ஏத்து. நல்லா கேக்கணும்."

"சார், ஸ்டிக்கர் அடிச்சாச்சு. கையேடு வேற..." என்றாள் மேடம்.

"கிழிச்சுப் போடுங்க. கையேட்டுல அந்தப் பக்கத்தை நான் புதுசா எழுதித் தரேன், இப்பவே."

"அண்ணே, வேணாம்ணே. சிரிப்பாங்க" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். இத்தனை வருஷமா உன்னப் பாத்துத்தானே சிரிச்சாங்க."

துடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மீட்டேன். பதினொன்றின் ஒலியளவுப் பிடியை அவரே கை நீட்டி மேலே தள்ளினார், அளவுக்கு மேலேயே தள்ளினார். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மௌனத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட விட்டேன். குழு நின்றது. ஒண்ணு. ரெண்டு. நாலு. டிராம்போன் தனியாக எழுந்து ஒரு சுற்று முழுக்க ஊதியது. பிறகு மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நிறுத்தினேன். பெரியப்பா போன் மீது குனிந்தார்.

"நீ சரியாத்தாண்டா வந்திருக்க" என்றார்.

அப்பா அழுது நான் கேட்டதே இல்லை, அன்றுதான் கேட்டேன்.