அம்மாவின் மூக்கு

ஆளுக்கொரு அட்டைப்பெட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொம்மை டீச்சர் பசை வாளியைத் தூக்கத் திரும்பினார். வாளியோடு வந்து பார்த்தால் ஒருவர் கையிலும் பெட்டி இல்லை. எல்லாம் தட்டையாகி அவரவர் காலடியில் கிடந்தன.

"ஐயோ, ஏங்க நசுக்கினீங்க? அதுலதானே முகமூடி செய்யணும்!"

"பெட்டின்னா பின்னே என்ன டீச்சர் பண்ணுவாங்க?" என்றாள் ரோலர் அக்கா. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

எங்கள் கொட்டகையில் அதுதான் சட்டம். ஊரார் கழித்துப்போட்ட காகிதம், அட்டை, டப்பா, பாட்டில் எல்லாம் எங்களிடம் வந்து சேரும். உள்ளே காற்று இருக்கிற எதையும் அப்படியே கீழே வைக்கக் கூடாது. நசுக்கித் தட்டையாக்கி, அதனதன் குவியலில் போட வேண்டும். பிறகு அழுத்து மெஷின் அதைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தள்ளும். செய்து செய்து எங்கள் கைக்கு இது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அதிலும் ரோலர் அக்கா இருக்கிறாளே, வீட்டில் டப்பாவில் பால் மீதி இருக்கும்போதே நசுக்கிவிடுவாள் என்று அவள் புருஷனே புலம்புவார்.

கழிவுப் பொருளில் பொம்மையும் முகமூடியும் செய்யச் சொல்லித்தர டீச்சர் விடுமுறை நாள் மத்தியானங்களில் வந்தார். பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்றார்கள். நான் போனது என் மகளுக்காக.

என் மனைவி கடல் தாண்டி ஒரு வீட்டில், படுக்கையோடு கிடக்கிற ஒரு பெரியம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கிளம்பியபோது மகளுக்கு நடை சரியாக வரவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளி விட்டதும் நேராகக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். அங்கே அந்தப் பெரியம்மா கண்ணயர்கிற நேரம், இங்கே எங்களுக்கு டீ நேரம். அப்போதுதான் ஃபோன் வரும். திரையில் அம்மா முகம் வந்ததும் மகள் என் அக்குளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வாள். "அம்மாடா, பேசு" என்றால் இன்னும் உள்ளே போவாள்.

"விடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க. எனக்குப் பழகிடுச்சு" என்பாள் மனைவி. பழகிப்போனவள் குரல் அப்படி இருக்காது. ஒருநாள் மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்: "ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடச் சொல்லுங்களேன்." கேட்ட கையோடு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்த ஒரு ஆசைதான்.

முகமூடி முடிந்து கைப்பொம்மைக்கு வந்தோம். காகிதத்தைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும், கிழிந்த ஓரம்தான் நன்றாக ஒட்டும் என்றார் டீச்சர். முட்டை அட்டையை ஊறவைத்துப் பிசைந்து கூழாக்கச் சொன்னார். விரல் நுழைகிற அட்டைக் குழாய் கழுத்து. அதன்மேல் கசக்கிய காகிதம் தலை. தலைக்கு மேல் கூழ்.

"யார் முகம் செய்றீங்க?"

"வீட்டுக்காரி முகம் டீச்சர்."

நெற்றி வந்தது, கன்னம் வந்தது. மூக்கில் நின்றுவிட்டேன். வைக்கிறேன், பிய்க்கிறேன், மறுபடி வைக்கிறேன். கண்ணை மூடிப் பார்த்தேன். வாசலில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது, மூக்கு வரவில்லை. ஃபோனில் பார்க்கிற மூக்கு கீழிருந்து பார்க்கிற மூக்கு. அவள் எப்போதும் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"பொண்ணு மூக்கைப் பார்த்து வைங்களேன்" என்றார் டீச்சர்.

"அவளுக்கு என் மூக்கு டீச்சர்."

"அது வேற அந்தப் பிள்ளை தலையில கட்டிட்டியாண்ணே!" என்றாள் ரோலர் அக்கா. கொட்டகையே சிரித்தது.

கடைசியில் ஏதோ ஒரு மூக்கை வைத்தேன். பழைய கேசட் நாடாவை உருவிப் பின்னல் போட்டேன். பாட்டில் மூடி இரண்டும் கண். என் கிழிந்த சட்டைக் கை பொம்மைக்கு உடுப்பு. மகள் விரலை நுழைத்துத் தலையை ஆட்டிப் பார்த்தாள். அட்டைக் கட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, நேத்து ஸ்கூல்ல ஒருத்தி என் பென்சிலைக் கடிச்சுட்டா. நீ வந்து கேளு. என்ன, கேப்பியா?" பொம்மைத் தலை ஆடியது.

நான் கட்டுக்கு இந்தப் பக்கம் மூச்சுக் காட்டாமல் நின்றேன். ஃபோனுக்குப் போயிருக்க வேண்டிய பேச்செல்லாம் பொம்மைக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் ஃபோன் வரும்போது பொம்மையையும் பக்கத்தில் வைத்து, இந்த முகம்தான் அந்த முகம் என்று காட்டிவிட வேண்டும். இப்படி ஒரு கணக்குப் போட்டேன். உள்ளே இன்னும் ஈரம் இருந்ததால் அழுத்து மெஷின் தலையில், சூடு இருக்கிற இடமாகப் பார்த்துக் காயவைத்தேன்.

மறுநாள் டீ நேரத்துக்குச் சற்று முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். திரும்பினால் மெஷின் பக்கத்தில் ரோலர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணே... மேலே துடைக்கலாம்னு போனேன். நான் பார்க்கலைண்ணே, கை பாட்டுக்கு..."

கை நசுக்கியதோடு விடவில்லை. பிரித்தும் போட்டிருந்தது. முகம் காகிதக் குவியலில், பின்னலும் கண்ணும் பிளாஸ்டிக் குவியலில், சட்டைக் கை துணிக் குவியலில். எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும்.

மகள் பையோடு வந்து நின்றாள். தட்டையான முகத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. நான் எடுப்பதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா! ரோலர் அத்தை உன்னை நசுக்கிட்டாங்கம்மா!"

திரையில் என் மனைவி ஃபோனை மடியிலிருந்து தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "என்னையாடா தங்கம்? என்னை ஏன் நசுக்கினாங்க?" என்றாள்.

"உன் கண்ணைப் பிடுங்கிட்டாங்க. மூக்கு சப்பையாயிடுச்சு. அப்பா வெச்ச மூக்கும் நல்லாவே இல்ல."

"உங்கப்பாவுக்கு என் மூக்கு மறந்துபோச்சா?" சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கோ! உனக்கு ஆயுசு கெட்டி!" என்று பின்னாலிருந்து கத்தினாள் ரோலர் அக்கா.

"அழாதம்மா, வேற செஞ்சுக்கலாம்" என்றாள் மகள். யாரைச் சொன்னாளோ. "நீ ஆடாம உட்காரு. பக்கவாட்டுல திரும்பு. இன்னும். அவ்வளவுதான்."

மனைவி ஃபோனை எதன்மேலோ சாய்த்துவைத்துத் திரும்பி உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. நசுங்கிய முகத்தை வாளித் தண்ணீரில் முக்கினேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி கூழானது. மகள் திரையைப் பார்ப்பதும் கூழைக் கிள்ளி வைப்பதுமாக இருந்தாள்.

"நடுவுல சின்னதா ஒரு மேடு இருக்குப்பா. நீ அதை விட்டுட்ட."

ஆமாம். இருந்தது. அதைத்தான் விட்டிருந்தேன்.

டீ நேரம் முடிந்து மணி அடித்தது. திரையில் மனைவியின் முடிக்கற்றை ஒன்று கன்னத்துக்குப் பக்கத்தில், காற்றிலேயே நின்றிருந்தது. அதை ஒதுக்க எடுத்த கையும் பாதி வழியில் நின்றிருந்தது. லைன் எப்போது போனதோ தெரியவில்லை.

"எங்கம்மா ஆடவே இல்ல பாருப்பா" என்றாள் மகள் பெருமையாக. "இரும்மா, இன்னும் கொஞ்சம்தான்."

நான் எழுந்திருக்கவில்லை. ஃபோன் அசையாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.