இருநூற்றிப் பதினெட்டுப் பேர்

மேசை லாச்சியை வெறுமையாக்கிவிட்டு பாக்கியரத்தினம் எதிரே பார்த்தாள். லாபிர் இன்னும் விசைப்பலகையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அதில் கைவைக்கப் போவது வேறு யாரோ. துறைமுகக் களஞ்சியக் கம்பனியின் கணினிப் பிரிவில் இருவருக்கும் அது கடைசி நாள்.

எண்பத்துநான்கில் கொழும்பிலிருந்து முதல் கணினி லொறியில் வந்திறங்கியது. அதற்கென்றே ஒரு ஏசி அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். சித்திரை வெயிலில் மனேச்சரே ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பாக்கியமும் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்த லாபிரும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை நடுவில் விரித்து, பிழைவிட்டுப் பிழைவிட்டுப் படித்தார்கள். தொழிலாளர் பட்டியல் பச்சை எழுத்தில் திரையில் ஓடிய அன்று லாபிர் கைதட்டிவிட்டார். அந்தப் பெருமையில் மனேச்சர் பழைய பதிவேடுகளை எரிக்கச் சொன்னார். பெயர்களெல்லாம் இரண்டு பிளொப்பித் தட்டுகளில் மட்டும் இருந்தன.

"இனி வீட்ட இருந்து என்ன செய்யிறது மிஸ்?" என்றார் லாபிர்.

அவள் வெறும் லாச்சியைச் சாத்தினாள். பதினாறு வருடம் நெஞ்சில் கிடந்ததை இன்று சொல்லாவிட்டால் இனி ஏலாது.

"லாபிர் நானா, தொண்ணூறில பிளொப்பி ரெண்டும் பழுதாப் போச்செல்லோ. அது தானாப் பழுதாகேல்ல. நான்தான் அழிச்சனான்."

பஞ்சு லாபிரின் கையில் நின்றது.

தொண்ணூறில் அன்று லாபிர் லீவு. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் தொழிலாளர்களின் பெயரும் விலாசமும் கேட்டார்கள். சல்லி, இறக்கக்கண்டி ஊர் ஆட்கள்தான் அதிகம்; பட்டியல் கிடைத்தால் வீடு வீடாகப் போய்ப் பிடிப்பார்கள். மெசின் சூடு, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, இரண்டையும் அழித்தாள். மறுநாள் அவர்கள் வந்து வெறுந்திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிளொப்பிகளுக்குப் பொறுப்பு லாபிர். கவனக்குறைவு என்று தலைமை அலுவலகம் கடிதம் அனுப்பியது. அவரும் மனைவி நபீஸாவும் எதிர்பார்த்திருந்த கொழும்புப் பதவி இன்னொருவருக்குப் போனது.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா உங்களையும் பிடிச்சு விசாரிப்பாங்கள் எண்டு நினைச்சனான். பிறகு பயம். பிறகு வெக்கம். அது என்ர பிழைதான் நானா."

"நபீஸா சாமானெல்லாம் கட்டி வச்சிருந்தா."

"தெரியும்."

தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுச் சுழன்றது. ஏசி பழுதாகி இரண்டு வருடம். லாபிர் ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள்; அவர் ஏசவில்லை.

"எத்தினை பேர் மிஸ் அதில?"

"இருநூற்றிப் பதினெட்டு."

பகல் சங்கு ஊதியது. லாபிர் எழுந்து சன்னலடிக்குப் போனார். சீமெந்துத் தூசி படிந்த தலைகளோடு தொழிலாளர்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வாசல் சோதனைச் சாவடியில் வரிசையாக நின்றார்கள். யாரோ எதையோ சொல்ல, வரிசையின் நடுவில் நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில், தொண்ணூறிலும் இங்கே வேலைசெய்த வயதான ஒருவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து உதறினார். வெயிலில் தூசி வெள்ளையாக எழுந்து பறந்தது.

லாபிர் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலில் அவளும் வந்து நிற்குமளவுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.