விருந்தாளிக்கு மணி கிடையாது

மணி ஒரு தடவை அடித்தால் போதும், பாடுகிறவர் பாதியிலேயே இறங்கிவிட வேண்டும். அந்த ஊர்த் திருவிழாப் பாட்டுப் போட்டியின் சட்டம் அது. அன்று மதியத்துக்குள் ஒன்பது பேரை மணியடித்துத் துரத்தியிருந்தாள் மேயர் கொரித்தா.

கொரித்தா விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்த ரொவேனா மேடைப் படியருகே வெந்நீர் குடித்தபடி நின்றாள். இரட்டையர் டென்னிஸில் அவளும் கொரித்தாவும் சேர்ந்து பிலிப்பைன்ஸுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள். முட்டி போனதும் ரொவேனா பாட்டுக்கு வந்தாள். கல்யாண வீடுகளில் பன்றி வறுவலைக் கடித்துக்கொண்டே கேட்பவர்களுக்கு ஒன்பது வருஷம் பாடியாயிற்று. இன்று முன்வரிசையில் வானொலிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு அவருக்கு ஒரு பாடகி வேண்டும். இதை விட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"விருந்தாளிக்கும் மணி உண்டாடி?" என்று கேட்டாள் ரொவேனா.

"உனக்கா? நீ என் ஜோடிடீ!" கொரித்தா கன்னத்தில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டத்தில் தோற்ற அன்று, "இவ சர்வீஸாலதான் போச்சு" என்று பத்திரிகைக்காரர்களிடம் ரொவேனா வாயை விட்டிருந்தாள். அதற்கு இருபது வருஷம் ஆகிவிட்டது. கொரித்தாவுக்கு ஆகவில்லை.

சொந்தப் பாட்டு. முதல் அடி தேனாக வந்தது. வானொலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மாதம் தொண்டை கிழியப் பழகிய உச்ச ஸ்தாயியை ரொவேனா பிசிறில்லாமல் தொட்டாள். அப்போதுதான் மணி அடித்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பாட்டு எதுக்குய்யா? நம்ம சாம்பியன் வந்திருக்கா. போடுங்க பந்தை!" என்றாள் கொரித்தா ஒலிபெருக்கியில். அவள் மேசைக்கடியிலிருந்து டென்னிஸ் பந்துக் கூடை வெளியே வந்தது. காலையிலேயே நிரப்பி வைத்த கூடை.

கூட்டத்தில் யாரோ வீசிய முதல் பந்து தோளில் பட்டது. ரொவேனா விடாமல் பாடினாள். இரண்டாவது முகத்துக்கு நேராக வந்தது. மைக் பிடித்திருந்த பாழாய்ப்போன கை, அவளைக் கேட்காமலே மட்டை போல உயர்ந்தது. மைக்கில் பட்ட பந்து ஊரெல்லாம் இடிபோலக் கேட்டது.

"பதினஞ்சு!" என்று டென்னிஸ் கணக்கில் கத்தினார்கள். அடுத்ததையும் அடித்தாள். "முப்பது!"

ஒன்பது வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. வானொலிக்காரர் எழுந்து நின்று தட்டினார்.

பின்னணி இசை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. உச்ச ஸ்தாயி மறுபடி வரும் இடத்தில் அது ஒரு கணம் அவளுக்காக ஒதுங்கி நின்றது, பிறகு நகர்ந்துவிட்டது. கெட்டுப்போன முட்டியை மடக்கி, குதிகால் தூக்கி, ரொவேனா அடுத்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.