அம்மாவுக்கு என்ன வருத்தம்

“ஐயா, உங்கட அம்மா என்ன வருத்தத்தில காலமானவா?”

“காச்சல்,” என்றார் கணபதி. கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது.

கண்டி கிளினிக்கில் புதிதாக வந்திருந்த அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் பெண் குனிந்து எழுதினாள். பக்கத்துக் கதிரையில் இருந்த வீரம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடும்பத்தில பெண்கள் ஆருக்கும் மார்பில கட்டி, புற்றுநோய் இருந்ததோ?”

“எங்க குடும்பத்துல அப்பிடியெல்லாம் கெடையாதுங்க.”

டொக்டர் பேனையை வைத்தாள். கணபதியின் புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. இத்தனை நாள் போட்ட ஊசி இனி வேலை செய்யாது. வெளிநாட்டோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இரத்தத்தை அனுப்பினால், பரம்பரையாக வரும் ஒரு பிழை உடம்பில் உண்டா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதற்கென்றே ஒரு புது மாத்திரை, காசில்லாமல். “ஆனா குடும்பத்தில மார்புப் புற்றுநோய் வந்த ஒருத்தர் இருந்தாத்தான் சேர்க்கலாம், ஐயா. உங்களைச் சேர்க்கேலாது.”

அப்போதாவது வாயைத் திறப்பார் என்று வீரம்மா பார்த்தாள். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஊருக்குப் போகும் கலஹா பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க பொய் சொன்னீங்க?”

“பெத்தவ ஒடம்பப் பத்தி ஒரு பொம்பளப் புள்ளகிட்ட பேசச் சொல்றியா?”

“அது டொக்டருங்க.”

“டொக்டர்னா? பொம்பளதான?”

“ஒங்கம்மாவோட சீழ்த் துணிய அலசுனது நானு. எனக்கில்லாத வெக்கம் ஒங்களுக்கு எங்கருந்து வந்துச்சு?”

முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். கணபதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய அம்மா பேச்சியம்மா, மார்புப் புண்ணுக்கு ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு, நாற்றம் தெரியாமலிருக்கத் தள்ளி நின்றே தேயிலைக் கொழுந்து எடுத்தவள். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரிடமும் காய்ச்சல் என்றாள். மருமகளைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. காட்டிய அன்றே, “எம் மகனுக்குத் தெரியக் கூடாது,” என்று கையிலடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆனால் மகனுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று, இன்று அவர் முந்திக்கொண்டு பதில் சொன்னபோதுதான் வீரம்மாவுக்குத் தெரிந்தது.

இடுப்பு வலி அவரைச் சம்மதிக்க வைக்க இருபது நாளாயிற்று. இருபத்தோராம் நாள் மறுபடி கிளினிக். வீரம்மாவே சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். கணபதி தலையைக் குனிந்தே இருந்தார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினாள்.

“போன கிழமையோட ஆக்கள் சேர்க்கிறதை நிப்பாட்டிப்போட்டினம், அம்மா. நான் எழுதிக் கேக்கிறன். ஆனா நம்பி இருக்காதேங்கோ. நோவுக்கு மருந்து தாறன்.”

“அம்புட்டுத்தானுங்களா?”

டொக்டர் மருந்துச் சீட்டை எழுதினாள். எழுதி முடித்து, “பிள்ளையள்?” என்று கேட்டாள்.

“ஒரே மக. சுந்தரி. கொழும்புல வேல.”

“அவவுக்கும் இந்தப் பரம்பரைப் பிழை வந்திருக்கலாம். இண்டைக்கே சொல்லுங்கோ. அவவும் போய்க் காட்ட வேணும்.”

பஸ் நிலையத்தில் நின்று வீரம்மா நம்பரை அழுத்தினாள். எடுத்த எடுப்பில், “அம்மா, மாத்திர குடுத்தாங்களா?” என்றாள் மகள். வீரம்மா கணபதியைப் பார்த்தாள். கணபதி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

“சுந்தரி…”

“சொல்லுங்கப்பா.”

“ஒங்கப்பாயிக்கு, எங்கம்மாவுக்கு…”

“அப்பாயிக்கு என்னப்பா? ஏன் இப்ப அவங்களப் பத்தி?”

பேராதனை பஸ்காரன் ஊரைக் கூவிக்கொண்டே கதவைத் தட்டினான். கணபதியின் உதடுகள் அசைந்தன. வலது கையில் போன். இடது கையை மெல்லத் தூக்கித் தன் சட்டையின் மேல், நெஞ்சின் இடப்பக்கம் வைத்து, மகள் எதிரிலேயே நிற்பதைப் போல அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா? கேக்குதா? அப்பா?”