ஆவுடைச்செல்வியை அவள் ரத்தத்துக்குத் தெரியவில்லை

சங்கரன்கோவிலில் ஒருவருடைய ரத்தத்துக்கு அவரையே அடையாளம் தெரியாமல் போனால், தெரிந்தவர் யாராவது லேபுக்கு வந்து, “இது நம்ம ஆள்தான்” என்று ரத்தத்திடம் சொல்ல வேண்டும். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் செல்லாது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனாலும் அப்படித்தானே.

பியூட்டி பார்லர் நடத்தும் ஆவுடைச்செல்வியின் ரத்தம் சில மாதமாக அவள் விரல்களை மறித்துக்கொண்டு, “யாரு நீ, எந்த ஊரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் விரல் மடங்காது. நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுக்கிறவளுக்கு விரல் போனால் கடையும் போச்சு.

லேபில் வேலை பார்க்கும் சண்முகக்கனி அந்த ரத்தத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அது திட்டியது. இன்னும் விட்டாள். அப்போதும் திட்டியது. எவ்வளவு தண்ணீரில் வாயை மூடுகிறதோ அதுதான் ரிசல்ட். போன தடவை ஒரு குடத்தில் அடங்கிய ரத்தம், இந்தத் தடவை தொட்டி நிறைந்தும் முணுமுணுத்தது.

“நல்லாத் தெரிஞ்ச ஆளாக் கூட்டிட்டு வாங்கக்கா. இனியும் இப்படியே விட்டுவச்சா விரலு தேறாது.”

நல்லாத் தெரிந்த ஆள்! கட்டின புருஷன் சிவசுப்பு இருக்கிறானே, அவனைவிடவா? தேய்த்த சட்டை போட்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி வந்தான். கூடவே அவன் அம்மா சொர்ணத்தம்மாளும் வந்தாள். அந்த மகராசன் எங்கேதான் தனியாகப் போயிருக்கிறான்?

தொட்டி முன்னால் நின்று தொண்டையைச் செருமினான்.

“இவளுக்கு காப்பின்னா உசிரு. சீனி தூக்கலா இருக்கணும். மீன் தலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டா. மத்தியானம் ஒரு தூக்கம் போட்டாத்தான் ஆள் ஆளா இருப்பா.”

ஆவுடைச்செல்வி காப்பியைத் தொடுவதில்லை. மீனை வறுப்பதோடு சரி. மத்தியானத் தூக்கமாம்!

ரத்தம் கப்சிப்பென்று அடங்கியது. சண்முகக்கனி தொட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

“நீங்க சொன்னதெல்லாம் உங்க அம்மாவுக்குத்தான் பொருந்துது. இனி இது அவங்க ரத்தம்.”

தண்ணீரை வடித்து, ரத்தத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தாள். சொர்ணத்தம்மாள் வாங்கிக்கொண்டாள். ஓசியில் வந்ததை அவள் என்றைக்கு வேண்டாம் என்றாள்?

மறிக்க ஆள் இல்லாததால் ஆவுடைச்செல்வியின் விரல்கள் அன்று மத்தியானமே மடங்கின. கடையைத் திறந்து வரிசையாகப் புருவம் எடுத்தாள். நூல் விரலை அறுத்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. துடைக்கிற வேலை மிச்சம்.

சாயங்காலம் வீடு திரும்பினால், சிவசுப்பு வாசலில் நிற்கிறான். உள்ளே தூக்குவாளி நடையில் உட்கார்ந்து, “யாரு நீ, எந்த ஊரு?” என்று அவனை மறித்துக்கொண்டிருந்தது. அம்மா சொல்லிப் பார்த்தாளாம். ரத்தத்துக்குச் சொந்தக்காரி சொன்னால் செல்லாதே.

“ஏளா, நீயாவது சொல்லு. உனக்கு என்னையத் தெரியாதா?”

ஆவுடைச்செல்வி செருப்பைக் கழற்றிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கியோ பாத்த மாதிரிதான் இருக்கு.”

தான் குடியிருந்த பழைய வீட்டுக்காரி என்று ரத்தம் அவளுக்கு வழிவிட்டது. உள்ளே போய் மூன்று பேருக்குத் தோசை சுட்டாள். அத்தைக்கு, தனக்கு, ரத்தத்துக்கு. ரத்தம் முறுகலாக இன்னொன்று கேட்டது.